கொம்பை எண்ணிவிட்டுச் சுடவும்

மான் என்றால் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? சீதை ஆசைப்பட்ட பொன்மானா? கிண்டியில் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நம் கையிலிருக்கும் கடலைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் புள்ளிமானா? பெண்களின் கண்ணுக்கு உவமை தேடி அலைந்த கவிஞர்களா?

எனக்கு ஒரு சத்தம்தான் ஞாபகம் வருகிறது. 'தொம்' என்று ஒரு சத்தம்.

2018 நவம்பர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் நட்டநடுவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாம் சினிமாவில் பார்க்கிற அமெரிக்கா இல்லை அது. மலை, காடு, அறுவடை முடிந்த சோளக்கொல்லை, நடுவே ஒரு தார் ரோடு. சாயங்காலம் ஐந்தரைக்கே நம் ஊர் ராத்திரி எட்டு மணி மாதிரி இருட்டிவிடும். மகள் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடதுபக்கப் புதரிலிருந்து பழுப்பாக ஏதோ பாய்ந்தது. பிரேக் போட்டாள். போதவில்லை.

தொம்.

இறங்கிப் பார்த்தோம். ஒருபக்க ஹெட்லைட் காணோம். பானெட் சுருங்கியிருந்தது. ரோட்டோரம் ஒரு பெண் மான் எழுந்திருக்கப் பார்த்தது. பின்னங்கால்கள் எழவில்லை. முன்னங்கால்கள் மட்டும் திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டிருந்தன. போலீஸ்காரர் வந்தார். எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரே குண்டு. அப்புறம் திரும்பி வந்து, "அடி ஒண்ணும் படலையே?" என்று விசாரித்துவிட்டு, அதே குரலில் கேட்டார்: "இறைச்சி வேணுமா?"

அந்த ஊரில் அதுதான் வழக்கம். ரோட்டில் அடிபட்டுச் செத்த மானை எடுத்துக்கொண்டு போகலாம். அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லி ஒரு பெர்மிட் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மகள் அழுதுகொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர் இறங்கி, "நான் எடுத்துக்கலாமா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். என்ன ஊரடா இது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் விசாரிக்க வந்தார். வயது 78. ஒல்லியாக, உயரமாக, பழைய சைக்கிள் மாதிரி எல்லா மூட்டும் வெளியே தெரியும்படி இருப்பார். காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஆணா, பெண்ணா?"

"பெண்" என்றேன்.

"அப்படின்னா மூணு மான் குறைஞ்சுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணுதான் செத்துது" என்றேன்.

"வர்ற ஜூன்ல ரெண்டு குட்டி போட்டிருக்கும். அதையும் சேர்த்துச் சொன்னேன்."

அவர் பேசியது இங்கிலீஷில்தான். ஆனால் அந்தக் குரல் நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி கணக்குச் சொல்கிற குரல். அதனால் அப்படியே தமிழில் தருகிறேன்.

எங்கள் ஊரில் மானைக் கொன்றால் ஜெயில், அதிலும் தாய் மான் என்றால் பாவம் என்றெல்லாம் நான் படபடவென்று சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "எங்க அப்பாவும் உங்களை மாதிரிதான் சொல்வார். பெண் மானைச் சுடறவன் ஆம்பளையே இல்லைம்பார். வாங்க, ஒண்ணு காட்டறேன்."

அவர் வீட்டு கராஜில் கார் இல்லை. சுவர் முழுக்கக் கொம்பு. பெரிசும் சிறிசுமாக ஆணியில் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் வருஷம் எழுதியிருந்தார். 1952-இல் ஆரம்பித்தது. அப்போது அவருக்கு 12 வயது. அந்த மாநிலத்தில் வேட்டை லைசென்ஸ் வாங்க அதுதான் குறைந்தபட்ச வயசு.

இங்கே ஒரு சின்ன விஷயம். நாம் எல்லாவற்றையும் கொம்பு என்று சொல்லிவிடுகிறோம். கிண்டியிலேயே இரண்டு வகை உண்டு. வெளிமானின் முறுக்குக் கொம்பு மாட்டுக் கொம்பு மாதிரி. ஆயுசு முழுக்க அதேதான். புள்ளிமானின் கிளைக் கொம்பு விழுந்து விழுந்து முளைப்பது. அமெரிக்காவின் வெள்ளைவால் மான் இந்த இரண்டாவது ஜாதி. குளிர்காலத்தில் கொம்பு கழன்று விழுந்துவிடும். வசந்தத்தில் மறுபடி முளைத்து, வெல்வெட் மாதிரி தோல் போர்த்திக்கொண்டு வளர்ந்து, ஆகஸ்ட் செப்டம்பரில் தோல் உரிந்து, நவம்பர் கல்யாண சீசனுக்குத் தயாராக நிற்கும். எத்தனை கிளை வரும் என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது. வயசு, சாப்பாடு, பரம்பரை. முதல் கொம்பு பெரும்பாலும் இரண்டு குச்சி மாதிரியோ, ஒன்றிரண்டு கிளையோடோ இருக்கும். சாப்பாடு நன்றாக இருந்தால் முதல் வருஷமே கிளைகள் கூடும்.

பெரியவரின் சுவரில் 2001 வரை மாட்டியிருந்ததெல்லாம் முக்கால்வாசி சின்னக் கொம்புகள். 2002-க்குப் பிறகு கொம்புகளின் எண்ணிக்கை குறைந்து, அளவு பெரிதாகியிருந்தது. நடுவில் ஒரு சட்டம் வந்ததுதான் காரணம் என்றார்.

சட்டம் இதுதான். 2002-க்கு முன்னால், மூன்று அங்குலக் குச்சிக்கொம்பு இருந்தால் போதும், ஆண் மானைச் சுடலாம். 2002-லிருந்து, மாநிலத்தின் பெரும்பகுதியில் ஒருபக்கக் கொம்பிலாவது மூன்று கிளை இருக்க வேண்டும். மேற்குப் பகுதியில் ஆரம்பத்தில் நான்கு. அங்கே நிலம் வளம், தீனி அதிகம், குட்டிப் பையன்களுக்கே பெரிய கொம்பு முளைத்துவிடும், அதனால் நான்கு. ஒரு அங்குலமாவது இருந்தால்தான் கிளை. சின்னப் பையன்கள், ஊனமுற்றவர்கள், பணியிலிருக்கும் ராணுவத்தினர் ஆகியோருக்கு மட்டும் பழைய விதி.

நம் பஸ்ஸில் கண்டக்டர் குழந்தையை நிற்கவைத்து உயரம் பார்ப்பாரே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், குழந்தை நிற்கும். மான் நிற்காது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், மரங்களுக்கு நடுவே, ஓடத் தயாராக இருக்கும் ஒரு மிருகத்தின் தலையில் கிளைகளை எண்ணிவிட்டு அப்புறம் சுட வேண்டும். தப்பாகச் சுட்டவன் தானே போய் ஒப்புக்கொண்டு மானை ஒப்படைத்தால் சிறு தொகையோடு விட்டுவிடுவார்கள். மறைத்தால் கேஸ்.

'மானைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வேட்டையையே நிறுத்திவிடலாமே? எதற்கு இந்தக் கொம்புக் கணக்கு?' என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன். அதற்குப் பெரியவர் நூறு வருஷத்துக் கதையைச் சொன்னார்.

பென்சில்வேனியாவில் 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது மானே அபூர்வமாகிவிட்டது. காட்டை மொட்டையடித்தார்கள். கடைகளில் விற்பதற்காக மானைச் சுட்டுத் தள்ளினார்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் அதற்குள் ஒழிந்துவிட்டன. 1895-இல் கேம் கமிஷன் என்று ஒரு அமைப்பை உண்டாக்கினார்கள். 1906-இல் மிச்சிகனிலிருந்து 50 மான்களை வாங்கி வந்து காட்டில் விட்டார்கள். 1907-இல் சட்டம் போட்டார்கள்: கொம்பில்லாத மானைச் சுடக் கூடாது. அதாவது ஆண் மான் மட்டும். நம் பழந்தமிழில் சொன்னால் கலையைச் சுடலாம், பிணையைத் தொடாதே.

அருமையான சட்டம். பலித்தது. வெட்டிய காட்டில் இளங்கன்றுகள் மண்டின. தின்ன இலை உண்டு, தின்ன வரும் ஓநாய் இல்லை. நம் முதுமலையில் புள்ளிமானுக்குப் பின்னால் செந்நாய், சிறுத்தை, புலி என்று ஒரு வரிசையே நிற்கிறது. அங்கே வரிசையில் யாரும் இல்லை. பெண் மானைச் சுடாமலிருப்பது சட்டமாக இருந்து, பிறகு வீரமாகி, கடைசியில் மதமே ஆகிவிட்டது. அப்பா பிள்ளைக்குச் சொன்னார், பிள்ளை பேரனுக்குச் சொன்னான்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி போயிற்று. ஒரு ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். எத்தனை ஆண்களைச் சுட்டாலும் மிச்சமிருப்பது போதும். பெண்கள் எல்லாம் குட்டி போடும். வளர்ந்த பெண் மான் வருஷத்துக்குப் பெரும்பாலும் இரண்டு. கூட்டம் பெருகியது. காடு வளர்ந்து இலை உயரே போய்விட்டது. 1930களில் குளிர்காலத்தில் பட்டினியில் செத்தன. 1938-இல் அந்த வருஷத்துக்கு மட்டும் ஆண் மான் வேட்டையை நிறுத்திவிட்டு, பெண் மான்களைச் சுடச் சொல்லும்படி ஆகிவிட்டது. ஜனங்களுக்கு ஆத்திரம். ரோஜர் லேதம் என்று கமிஷனில் ஒரு ஆராய்ச்சியாளர், 'மான்கள் மிக அதிகம், மிக நீண்ட காலமாக' என்று 1950-இல் எழுதினார். விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். 1957-இல் வேலை போயிற்று.

"எனக்கு எட்டு வயசிருக்கும்" என்றார் பெரியவர். "மார்ச் மாசம், பனி உருகற சமயம். அப்பாவோட ஓடைப் பக்கம் போனேன். அங்கங்கே போன வருஷத்துக் குட்டிங்க செத்துக் கிடந்தது. தோலும் எலும்பும். உயரத்துல இருக்கிற இலை பெரிய மானுக்கு எட்டும், குட்டிக்கு எட்டாது இல்லையா? அப்பா தொப்பியைக் கழட்டிட்டு நின்னார். 'குளிர் ஜாஸ்தி இந்த வருஷம்'னார். அன்னிக்கும் பெண் மானைச் சுடக் கூடாதுன்னுதான் சொன்னார். அவர் நல்ல மனுஷர்."

'நல்ல மனுஷர்' என்று அவர் சொன்ன விதம் என்னை என்னவோ செய்தது.

மானுக்கு மட்டும் கஷ்டம் என்றால் பரவாயில்லை. அங்கே காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பெரிய மரங்கள், கீழே மெத்தை மாதிரி பெரணிச் செடிகள். ஆனால் நடுவில் ஒன்றுமில்லை. தாத்தா உண்டு, பேரன் இல்லை. முளைக்கிற ஓக் கன்றையெல்லாம் மான் தின்றுவிடுகிறது. தனக்குப் பிடிக்காத பெரணியை மட்டும் விட்டுவைக்கிறது. அலிகெனி காட்டில் 1979-லிருந்து பத்து வருஷம் ஒரு சோதனை செய்தார்கள். வேலி போட்டு அடைத்து, ஒரு அடைப்பில் மான் குறைவு, இன்னொன்றில் கொஞ்சம் அதிகம், மற்றதில் இன்னும் அதிகம் என்று விட்டுப் பார்த்தார்கள். மான் மிக அதிகமாக இருந்த இடத்தில் நடுமட்டக் கிளைகளில் கூடு கட்டும் பறவைகள் 37 சதவீதம் குறைவு. மான் பறவையைத் தின்னவில்லை. பறவை உட்கார வேண்டிய கிளையைத் தின்றுவிட்டது.

1999-இல் கேரி ஆல்ட் என்பவரிடம் மான் விவகாரத்தை ஒப்படைத்தார்கள். கரடி ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆள். அவர் வந்தபோது நிலைமை என்ன தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் சுடப்படும் ஆண் மான்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் ஒன்றரை வயசுப் பையன்கள். முதல் கொம்பு முளைத்தது, முதல் சீசன், முதல் குண்டு. முழு வளர்ச்சி பெற்ற ஆண் மான் என்பதையே பல வேட்டைக்காரர்கள் கண்ணால் பார்த்ததில்லை.

ஆல்ட் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார். சாரம் இதுதான்: 'சின்ன ஆண் மானை விடுங்கள், வளரட்டும், அதற்குப் பதில் பெண் மானைச் சுடுங்கள், கூட்டம் குறையட்டும்.' இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். கொம்பை எண்ணுவதால் மான்கள் குறையாது. ஆண் மான்கள் கூடத்தான் செய்யும். குறைப்பது பெண் மான் லைசென்ஸ்தான். ஆனால் 'பெண் மானைச் சுடு' என்று மட்டும் சொன்னால் லேதமுக்கு ஆன கதி. 'பெரிய கொம்பு கிடைக்கும்' என்றும் சேர்த்துச் சொன்னால் காது கொடுப்பார்கள். கசப்பு மருந்தைத் தேனில் குழைக்கிற வேலை.

தேனும் எல்லாருக்கும் இனிக்கவில்லை. 2002 சீசனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் மான்கள் சுடப்பட்டன. அடுத்தடுத்த வருஷங்களில் காட்டுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 'ஆல்ட் எங்க மானையெல்லாம் அழிச்சுட்டார்' என்று கத்தினார்கள். கொலை மிரட்டல் வந்து, குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு அந்த மனிதர் மேடை ஏறினார். 2004 கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டார். சட்டம் மட்டும் நின்றது. இப்போது அங்கே சுடப்படும் ஆண் மான்களில் பாதிக்கும் மேல் இரண்டரை வயசோ அதற்கு மேலோ ஆனவை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கொம்பை எண்ணினால் எல்லாப் பிரச்னையும் தீரும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிசிசிப்பி மாநிலத்தில் 1995-லேயே ஒரு விதி போட்டார்கள். இரண்டு கொம்பும் சேர்த்து நான்கு கிளை இருந்தால் சுடலாம். என்ன ஆயிற்று? சீக்கிரம் நன்றாக வளர்ந்த பையன்களுக்கு முதல் வருஷமே நான்கு வந்துவிட்டது, செத்தார்கள். சோனிப் பையன்கள் பிழைத்தார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தால் பல இடங்களில் வளர்ந்த மான்களின் கொம்பு முன்பைவிடச் சிறிசு! வகுப்பில் உயரமான பையன்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, சராசரி உயரம் ஏன் குறைந்தது என்று வாத்தியார் திகைத்த கதை. கிளை எண்ணுவதை விட்டுவிட்டு, கொம்பின் அகலத்தையும் நீளத்தையும் பார்க்கிற விதிக்குப் பின்னர் மாறினார்கள்.

மிசௌரியில் இன்னொரு சிக்கல். மானை உருக்கி, மூளையை அரித்துக் கொல்லும் தீராத நோய் ஒன்று அமெரிக்காவில் பரவுகிறது. பென்சில்வேனியாவுக்கும் 2012-இல் வந்துவிட்டது. வயசான ஆண் மான்களிடம் இது அதிகம். அவை ஊர் சுற்றுவதும் அதிகம். அதனால் மிசௌரியில் நோய் கண்ட மாவட்டங்களில் 2012-இல் கொம்பு விதியையே தூக்கிவிட்டார்கள். வயசாகட்டும் என்று காப்பாற்றியது ஒரு காலம். வயசாக விடாதே என்பது இன்னொரு காலம்.

சரி, பெரியவரிடம் வருவோம். அந்தச் சுவரில் 2003 என்று பென்சிலால் எழுதியிருந்தது. மேலே ஆணி மட்டும் இருந்தது. கொம்பு இல்லை.

"அந்த வருஷம் பெண் மான் சுட்டேன்" என்றார். "வாழ்க்கைல முதல் தடவை. 63 வயசுல. மாட்டறதுக்கு என்ன இருக்கு?"

அவருக்கு ஒரு அண்ணன். இரண்டு பேரும் அப்பா கட்டிய மரவீட்டில்தான் ஒவ்வொரு சீசனும் தங்குவார்கள். ஐம்பது வருஷப் பழக்கம். அன்று தம்பி பெண் மானை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டார். அண்ணன் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. படுக்கையைச் சுருட்டினார், வண்டியைக் கிளப்பினார், போய்விட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் பேசவே இல்லை. பதினோரு வருஷம். 2014-இல் செத்துப்போனான்."

நம் ஊரில் வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மானுக்காகவா? ஆனால் யோசித்துப் பாருங்கள். அது மானுக்காக இல்லை. அப்பா சொன்ன சொல்லுக்காக.

அந்த வருஷம் சீசன் நவம்பர் 26, திங்கள்கிழமை ஆரம்பித்தது. நன்றி சொல்லும் திருநாளுக்கு அடுத்த திங்கள். அந்த மாநிலத்தில் பல பள்ளிக்கூடங்களுக்கே அன்றைக்கு லீவு! (2019-லிருந்து ஆரம்ப நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.) "வர்றீங்களா? துப்பாக்கி வேண்டாம், சும்மா உட்காருங்க" என்றார். மகள் முறைத்தாள். போனேன்.

கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் கொடுத்தார். தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலமாவது ஆரஞ்சு தெரிய வேண்டும் என்பது சட்டம். மற்ற வேட்டைக்காரர்கள் நம்மை மான் என்று நினைத்துவிடக் கூடாதே! மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்று தெரியாதாம். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். குளிரில் என் கால் விரல்கள் இருக்கின்றனவா என்று அடிக்கடி சந்தேகம் வந்தது. தூரத்தில் அங்கங்கே வெடிச் சத்தம், தீபாவளி விடியற்காலை மாதிரி.

எட்டு மணி இருக்கும். சருகில் சத்தம். இரண்டு பெண் மான்கள் முன்னால் வந்தன. பின்னாலேயே கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு ஆண் மான். அத்தனை அழகு. பெரியவர் மெல்லத் துப்பாக்கியைத் தூக்கி, குழலில் கண்ணை வைத்தார். எனக்கு இதயம் காதில் அடித்தது. 'ஓடு, ஓடு' என்று மனசுக்குள் கத்துகிறேன். அவர் முணுமுணுத்தார்: "ஒண்ணு... நுனியோட ரெண்டு... மூணாவது... இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு யுகம். துப்பாக்கியை இறக்கினார். மான்கள் நிதானமாக நடந்து மறைந்தன.

"நான் பக்கத்துல இருந்ததாலயா?" என்றேன்.

"இருக்கலாம்னு தோணிச்சுன்னா, இல்லைன்னு அர்த்தம். யாருமே பார்க்காத காட்டுக்குள்ளதான் இந்தச் சட்டம் நடக்கணும். இங்கே போலீஸ் நீதான், ஜட்ஜும் நீதான்."

எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸ் வாங்குகிற மாநிலம் அது. அத்தனை பேரும் இவர் மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருத்தரைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் அவர் ஒரு சிகரெட் பெட்டி அளவு தகர டப்பாவைக் காட்டினார். அண்ணன் இறந்தபின் அண்ணி அனுப்பிவைத்தது. உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய காகிதங்கள். பெண் மான் லைசென்ஸ்கள். 2003-லிருந்து 2013 வரை, வருஷத்துக்கு ஒன்று. ஒன்றுகூட உபயோகிக்கப்படவில்லை.

எனக்குப் புரியவில்லை. பெண் மானைச் சுடுவதற்காகத் தம்பியோடு பேச்சை விட்டவர் எதற்கு அந்த லைசென்ஸை வாங்கினார்?

"லைசென்ஸ் இத்தனைதான்னு கணக்கு உண்டு. அவன் ஒண்ணு வாங்கிப் பெட்டில போட்டா, வேற எவனுக்கோ அது கிடைக்காது. ஒரு பெண் மான் பிழைக்கும்னு நினைச்சான். நிறையப் பேர் அப்படிச் செஞ்சாங்க. அப்பல்லாம் ரோஸ் கலர் உறையில பணம் வச்சு கவுண்டி ஆபீசுக்குத் தபால்ல அனுப்பணும். எழுபது வயசுல தபால் ஆபீசுக்கு நடந்து போயிருக்கான், பாருங்க."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "கமிஷன் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுது. சுமார் நாலு லைசென்ஸ் கொடுத்தா ஒரு மான் விழும்னு வச்சுத்தான் கொடுக்கறாங்க. அவனுக்கு அது தெரியாது. நல்லவேளை, நானும் சொல்லலை."

அந்தச் சனிக்கிழமை அவர் தனியாகப் போய் ஒரு பெண் மானோடு வந்தார். பாதிக்கு மேல் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடத்துக்குப் போயிற்று. வேட்டைக்காரர்கள் இறைச்சி தானம் கொடுப்பதற்கென்றே அங்கே 1991-லிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. வெள்ளைக் காகிதத்தில் சுற்றித் தேதி எழுதிய ஒரு பொட்டலம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மகள் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். வாரா வாரம் கோழி பிரியாணி சாப்பிடுகிறவன், மான் பாவம் என்று உபதேசம் செய்தது அப்போதுதான் கொஞ்சம் உறைத்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெரியவரிடம் கேட்டேன்: "உங்க ரெண்டு பேர்ல யார் சரி?"

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கட்டில் அளவு இடத்துக்கு எட்டடி உயரத்தில் கம்பிவேலி. வெளியே வெறும் பெரணி. உள்ளே இடுப்புயரத்துக்கு ஏழெட்டு ஓக் கன்றுகள். நட்டது அவரில்லை. தானாக முளைத்தவை, தின்ன மான் உள்ளே வர முடியவில்லை, அவ்வளவுதான்.

"இதைக் கேட்டீங்கன்னா நான் சரின்னு சொல்லும்" என்றார். "மான் மேல யாருக்குப் பிரியம் ஜாஸ்தின்னு கேட்டீங்கன்னா, எனக்குச் சொல்லத் தெரியலை."

2023-இல் அந்த ரோஸ் உறையை நிறுத்திவிட்டார்கள், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் என்று மகள் போனில் சொன்னாள். பெரியவர் கடைசியாக மிஞ்சிய ஒரு வெற்று உறையை அண்ணனுடைய தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாராம்.